கண்ணாடி எதைப் பார்க்கிறது?

போன மார்ச் மாதம் ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். “தம்பி, என்கிட்ட மூணு கண்ணாடி இருக்கு, படம் எடுக்கணும். சின்னதா ஒரு கண்காட்சி வருது, அதுக்குப் புத்தகம் போடறோம்.” தமிழில் கண்ணாடி என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பொருள் அடங்கிவிடுகிறது பாருங்கள். ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. படம் எடுக்கிறவனுக்கு முதல் இரண்டும் வேறு வேறு வேலை. அதனால் திரும்ப அழைத்துக் கேட்டேன்: ஊடே பார்க்கிற கண்ணாடியா, முகம் பார்க்கிற கண்ணாடியா? “ரெண்டும் இருக்கு தம்பி. வந்து பாருங்களேன்” என்றார்.

சனிக்கிழமை மாலை, சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அவருடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது முதல் கண்ணாடி. 60 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகையில் ஒரு மயில். உடலும் கழுத்தும் நிறக் கண்ணாடித் துண்டுகள். தோகை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடியை நறுக்கி ஒட்டியது. பெரும்பாலான துண்டுகள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை, ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஜோகூர் பாருவில் இருக்கும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போய் வந்த அன்றிரவு தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து வரைந்ததாகச் சொன்னார். அந்தக் கோயிலுக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், சுவர், தூண், விதானம் எங்கும் சில்லுகள், ஒவ்வொரு சில்லிலும் விளக்கும் ஆட்களும் கலங்கித் தெரிவார்கள். அதைத் தன் வீட்டுச் சுவர் அளவுக்குக் கொண்டுவர ஏழு மாதம் உழைத்திருக்கிறார்.

இரண்டாவது, சூளையில் உருக்கி வளைத்த ஒரு கிண்ணம். மூன்றாவதை அவர் படுக்கையறை அலமாரியிலிருந்து இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவருடைய அப்பாயி வைத்திருந்த பழைய கண்ணாடி ஓவியம், வெண்ணெய் உண்ணும் கிருஷ்ணன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றையும் பார்த்துவிட்டு உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கலைக்கூடத்துக்காகக் கண்ணாடிச் சிற்பங்கள் எடுத்துக் கொடுத்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மனித முகத்துக்கு ஒளி வைக்கிற முறைதான். சாஃப்ட்பாக்ஸ் என்கிற, வெள்ளைத் துணி மூடிய பெரிய விளக்குப் பெட்டி ஒன்று இடதுபுறம், ஒன்று வலதுபுறம். முகத்தில் மென்மையாக விழுகிற அந்த ஒளி, கண்ணாடியில் இரண்டு வெள்ளைச் சதுரமாக அப்படியே உட்கார்ந்துகொண்டது. இருபத்திரண்டு படத்திலும் அதே இரண்டு சதுரம். படங்களைப் பார்த்த சிற்பி கோபப்படவில்லை, “நான் செஞ்சது இதுல எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை நீண்ட நாள் விடவில்லை. பிறகு இரவு நேரங்களில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர், ஊறுகாய்ப் பாட்டில், பூஜையறைக் கண்ணாடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து எடுத்து எடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரம், துணி, மண்பானை போன்றவற்றின் மேல் ஒளி விழுந்தால் அது எல்லாப் பக்கமும் சிதறும். அதனால் விளக்கை எங்கே வைத்தாலும் பொருள் தெரியும். கண்ணாடிப் பரப்பு அப்படிச் சிதறவிடாது. வந்த கோணத்திலேயே மறுபக்கம் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே கேமரா கண்ணாடியைப் பார்க்கும்போது, கண்ணாடி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் கேமராவும் பார்க்கிறது. விளக்கை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், இந்தக் கண்ணாடிக்கு எதைக் காட்டப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் வேறு ரகசியம் கிடையாது. மீதி எல்லாம் துணி, அட்டை, பொறுமை.

என் ஸ்டூடியோ ஊபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கிறது. இரண்டு நண்பர்களோடு வாடகையைப் பங்குபோட்டுக்கொள்கிறேன். ஒருவர் உணவுப் படம் எடுக்கும் சீனர், இன்னொருவர் கல்யாணப் படம் எடுக்கும் மலாய்க்காரர். பக்கத்துக் கடையில் நாற்காலிக்கு மெத்தை தைக்கிறார்கள். மயிலை இரண்டு போர்வைகளில் சுற்றி லாரியில் கொண்டுவந்து, சரக்கு மின்தூக்கியில் ஏற்றி, உள்ளே நிறுத்துவதற்கே காலை பதினொரு மணி ஆகிவிட்டது.

மயிலைத் தட்டையான ஒரே கண்ணாடி போல நடத்த முடியாது. தட்டைக் கண்ணாடி என்றால் அது ஒரு திசையைத்தான் பார்க்கும். கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஷிஃப்ட் லென்ஸால் கோணலைச் சரிசெய்து தப்பித்துவிடலாம். இங்கே ஆயிரம் சில்லு, ஆயிரம் திசை. கையால் ஒட்டியதால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருக்கிறது. அதற்கு மேல், தோகைக் கண்களைச் சுற்றியிருந்த துண்டுகளை அக்கா வேண்டுமென்றே அடியில் பசையைக் கூட்டி மேல்நோக்கிச் சாய்த்திருந்தார். கண்ணாடி ஐந்து டிகிரி சாய்ந்தால் அதில் தெரிவது பத்து டிகிரி விலகிப்போகும். அப்படியானால் இந்தச் சில்லுகள் எல்லாம் சேர்ந்து அறையின் எந்தெந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன?

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒளியின் பாதை இரு பக்கமும் ஒன்றுதான். போன வழியிலேயே திரும்பியும் வரும். ஆகவே கேமராவைக் கழற்றிவிட்டு, லென்ஸ் இருந்த அதே இடத்தில் ஒரு கைவிளக்கை ட்ரைபாடில் கட்டி, அறை விளக்குகளை அணைத்துவிட்டு மயில் மேல் அடிக்க வேண்டும். விளக்கொளி எந்தெந்த இடத்தில் போய் விழுகிறதோ, அந்தந்த இடத்தைத்தான் பிறகு கேமரா அந்தச் சில்லுகளில் பார்க்கும்.

விளக்கைப் போட்டேன். எனக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்கப் புள்ளிகள். நடுவில் நெருக்கமாக, ஓரம் போகப் போக இடைவெளி விட்டு, கேமராவைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய பூ விரிந்த மாதிரி. தோகைக் கண்களின் சில்லுகள் மட்டும் விதானத்துக்குப் போய்விட்டன. அங்கே, குளிர்சாதனக் குழாய்க்குப் பக்கத்தில், வில் வில்லாகச் சில வளையங்கள். தரையிலும் கொஞ்சம், ஒயர்களுக்கு நடுவில். அக்கா மின்விசிறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஏழு மாதம் தன் கையால் ஒட்டியது எங்கெல்லாம் பார்க்கிறது என்பதை அன்றைக்குத்தான் அவர் முதல்முறை பார்க்கிறார். நான் சாக்பீஸால் சுவரில் புள்ளிகளின் எல்லையைக் கோடு போட்டேன். விதானத்துக்கு ஏணி போட்டு நீல டேப் ஒட்டினேன். அரைமணி நேரத்தில் என் கையில் ஒரு வரைபடம் இருந்தது.

இனி அந்த எல்லைக்குள் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. முதலில் ஒரு பெரிய வெள்ளைத் துணியைக் கேமராவுக்கு இரண்டு பக்கமும் முன்னாலும் திரைபோலக் கட்டினேன், லென்ஸ் நுழைய மட்டும் ஓர் ஓட்டை. இரண்டு ஃபிளாஷ் விளக்குகளை மயிலின் இரு பக்கமும், பலகையின் தளத்துக்கு ஒரு சாண் பின்னால் தள்ளி, துணியைப் பார்த்து வைத்தேன். பின்னால் இருப்பதால் மயிலுக்கு அந்த விளக்குகள் தெரியாது. ஒளி வாங்கிய துணி மட்டும்தான் தெரியும். கேமரா மயிலிலிருந்து 3 மீட்டர் தூரத்தில், 100 மில்லிமீட்டர் லென்ஸ். கிட்டே போனால் கண்ணாடியில் நாமும் பெரிதாகத் தெரிவோம், அதனால் இடம் இருக்கும்வரை தள்ளிப் போவது நல்லது. கேமரா மேல் கறுப்புத் துணி, எனக்கும் கறுப்புச் சட்டை, அறையின் குழல்விளக்குகள் அணைப்பு.

இங்கே ஒரு நுணுக்கம். கண்ணாடியில் தெரியும் பிம்பம் கண்ணாடிப் பரப்பில் இல்லை. துணி மயிலிலிருந்து 3 மீட்டரில் இருந்தால், கேமராவின் கணக்குக்கு அது 6 மீட்டரில் இருக்கிறது. குவியத்தைத் தானாகப் பிடிக்கவிட்டால், கேமரா துணியின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு மயிலைக் கலங்கடித்துவிடும். கையால் குவியம் வைக்க வேண்டும், அதுவும் சில்லுகளுக்கு நடுவே இருக்கும் சாந்துக் கோட்டில். அப்படி வைத்தால் இன்னொரு நன்மை, லென்ஸின் துளையைச் சுருக்கி f/11 வைத்தால்கூட துணியின் சிறு சுருக்கங்கள் பெரும்பாலும் கரைந்துபோகும். பெரிய மடிப்பு கரையாது. அதற்கு இஸ்திரிப் பெட்டிதான்.

முதல் படத்தைத் திரையில் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. எல்லாச் சில்லும் வெள்ளை. அழுக்கில்லை, சதுரம் இல்லை, கேமரா இல்லை. ஆனால் அது கண்ணாடியாகவும் இல்லை, வெள்ளை ஓடு ஒட்டிய குளியலறைச் சுவர் மாதிரி இருந்தது. பளபளப்பு என்பது வெறும் வெளிச்சம் கிடையாது. வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே இருட்டும் இருந்தால்தான் கண்ணுக்கு அது மின்னுகிறது என்று தோன்றும். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தைப் பாருங்கள், அதில் வெள்ளைக் கோட்டை ஒட்டியே கறுப்புக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்துவிட்டால் குடம் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

ஆகவே கறுப்பு ஃபோம் போர்டுகளை வெட்டித் துணிக்கு முன்னால் அங்கங்கே தொங்கவிட்டேன், சாக்பீஸ் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து. இடதுபுற ஃபிளாஷின் சக்தியைப் பாதியாகக் குறைத்தேன், துணி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்ல மங்கும்படி. உடனே தோகைக்கு உயிர் வந்தது. சில சில்லு வெள்ளை, சில சாம்பல், சில கறுப்பு. பக்கத்துப் பக்கத்துச் சில்லுக்குள் வித்தியாசம் தெரிந்தது, கையால் ஒட்டியது என்பதும் தெரிந்தது.

தோகையின் கீழ்ப்பகுதி மட்டும் இன்னும் செத்துக் கிடந்தது. அங்கே இருந்த சில்லுகள் தரையோரமாகக் கிடந்த கறுப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி, கறுப்புக்குப் பதிலா வேற ஏதாச்சும் வைக்கலாமா?” என்று கேட்டார். தன் பையிலிருந்து பாட்டில் பச்சைப் பட்டுப்புடவை ஒன்றை எடுத்தார். மாலையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு உடுத்துவதற்காக வைத்திருந்தது. எனக்குத் தயக்கமாக இருந்தது. இல்லாத நிறத்தை அவருடைய படைப்பில் ஏற்றுகிற மாதிரி ஆகாதா என்று கேட்டேன். “வீட்டுல மாட்டினா நான் உடுத்தற நிறம்தான தெரியுது? கண்ணாடிக்குன்னு சொந்தமா என்ன நிறம் இருக்கு?” என்றார்.

அவர் சொன்னது சரி. புடவையை நாற்காலி மேல் விரித்துத் தரையோரம் வைத்தோம். தோகையின் அடியில் ஆழமான பச்சை படிந்தது, ஜரிகை பட்ட இடத்தில் நாலைந்து சில்லுகளில் மட்டும் பொன் மின்னியது. அந்தப் படம்தான் புத்தகத்தில் வந்தது.

மிக அருகில் எடுத்த படங்களில் இன்னொன்று தெரிந்தது. சில்லின் விளிம்பில் எல்லாக் கோடும் இரட்டையாக இருந்தது, அழுத்தமாக ஒன்று, நிழல் போல ஒன்று. முகம் பார்க்கும் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1835இல் கண்ணாடி மேல் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டறிந்தார், அந்த வழியில் வந்தவைதான் நம் வீட்டுக் கண்ணாடிகள். ஒளி முன்பரப்பைத் தாண்டி உள்ளே போய், வெள்ளியில் பட்டுத் திரும்புகிறது. ஆனால் முன்பரப்பும் தன் பங்குக்குச் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். இரட்டைக் கோடு அதனால்தான். கணினியில் அதை அழித்துவிடலாம். நான் அழிக்கவில்லை. கண்ணாடியின் கனம் எவ்வளவு என்று பார்ப்பவருக்குச் சொல்வதே அந்த இரண்டாவது கோடுதான்.

கணினி வேலையைப் பற்றி என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அட்டையை நகர்த்தி நகர்த்தி நாலு படம் எடுத்து, பிறகு அவற்றிலிருந்து நல்ல பகுதிகளை ஒன்றாக்குவது தவறில்லை. நாலும் அந்தக் கண்ணாடி உண்மையாகக் காட்டியவைதான். மயிலின் தலைப்பகுதிக்கு நானும் அப்படிச் செய்தேன். ஆனால் பிரதிபலிப்பை முழுக்கத் துடைத்துவிட்டு வழவழவென்று வண்ணம் நிரப்பித் தரச் சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை நான் எடுப்பதில்லை. அதேபோல் பளபளப்பை மட்டுப்படுத்த ஒரு ஸ்ப்ரே கிடைக்கிறது, அடித்தால் கண்ணாடி தேய்த்த மாதிரி மங்கிவிடும். இயந்திரப் பாகங்களுக்கு அடித்துக்கொள்ளட்டும். ஒருவர் கையால் செய்த கலைப்பொருள் மேல் அதைத் தெளிக்க எனக்கு மனம் வராது.

படம் எடுப்பவர்களிடம் கண்ணாடி என்றதும் பத்தில் எட்டுப் பேர் சொல்வது, “போலரைசர் போடுங்களேன்.” லென்ஸுக்கு முன்னால் மாட்டித் திருப்பினால் பிரதிபலிப்பைக் குறைக்கிற வடிகட்டி அது. 1808இல் பாரிஸில் எத்தியேன் லூயி மாலுஸ் என்பவர் கால்சைட் படிகம் ஒன்றின் வழியாக லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் மின்னிய அந்திச் சூரியனைப் பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப அந்த மின்னல் கூடிக் குறைந்தது. போலரைசர் செய்வதும் அதுதான். ஆனால் அது எல்லாக் கோணத்திலும் வேலை செய்யாது. டேவிட் புரூஸ்டர் 1815இல் கண்டு சொன்ன கோணம், சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 56 டிகிரி. கண்ணாடிப் பரப்புக்கு நேர்குத்தான கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அந்தச் சாய்வில் பார்த்தால் பிரதிபலிப்பு கிட்டத்தட்ட மறைந்துவிடும். சுவரில் மாட்டிய படத்தை எடுக்கிற மாதிரி நேருக்கு நேராக நின்றால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. வெள்ளிப் பூச்சிலிருந்து வரும் பிரதிபலிப்பையும் அது தொடாது. மயிலுக்கு அது பயன்படாத கருவி.

கிண்ணம் வேறு விதம். அதில் அக்கா டைக்ரோயிக் கண்ணாடி கலந்திருந்தார். அந்தக் கண்ணாடி மேல் உலோக ஆக்சைடுகளை மிக மெல்லிய அடுக்கடுக்காகப் பூசியிருப்பார்கள். ஒரு நிறத்தை ஊடே விடும், மற்றதைத் திருப்பி அனுப்பும். மேலிருந்து பார்த்தால் மயில்நீலம், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஆரஞ்சு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைகர்கஸ் கிண்ணம் என்று ஒன்று இருக்கிறது, நான்காம் நூற்றாண்டு ரோமானியரின் வேலை. முன்னால் ஒளி பட்டால் பச்சை, உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பு. அதற்குக் காரணம் பூச்சு இல்லை, கண்ணாடிக்குள்ளேயே கலந்திருக்கும் தங்கம், வெள்ளியின் மிக நுண்ணிய துகள்கள். அதை ஒரே படத்தில் காட்ட முடியாது, அதனால் இரண்டு படமாகத்தான் பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். அக்காவின் கிண்ணத்துக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு படம் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டேன். புத்தகத்தை வடிவமைத்தவர் முதலில் பக்கம் போதாது என்றார், பிறகு ஒப்புக்கொண்டார்.

ஊடே தெரியும் கண்ணாடிக்குப் பழைய இரண்டு வழிகளே போதும். பின்னால் வெள்ளையும் சுற்றிக் கறுப்பும் வைத்தால், கிண்ணத்தின் விளிம்புகள் கறுப்புக் கோடாக எழும். பின்னால் கறுப்பட்டை வைத்து, அதைச் சுற்றி மட்டும் வெளிச்சம் விட்டால், விளிம்புகள் வெள்ளைக் கோடாக எரியும். ஆரஞ்சு நிறத்துக்கு முதல் வழி, நீலத்துக்கு இரண்டாவது வழியோடு மேலே ஒரு வெள்ளை அட்டை. 2021இல் கரையோரப் பூந்தோட்டங்களில் (Gardens by the Bay) அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலியின் கண்ணாடிப் படைப்புகள் வைத்திருந்தபோது பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் போனேன். பகலில் அவை வானத்தையும் இலைகளையும் காட்டிக்கொண்டிருந்தன. இரவில் தங்களைக் காட்டின. சுற்றிலும் இருட்டு இருந்தது, விளக்கு அவற்றுக்கு மட்டும். கிண்ணத்துக்கு ஒளி வைக்கும்போது அந்த இரவு என் நினைவில் இருந்தது.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. படம் எடுப்பதற்கு ஆன நேரத்தைவிடக் கிண்ணத்தைத் துடைப்பதற்கு ஆன நேரம் அதிகம். பருத்திக் கையுறை, மைக்ரோஃபைபர் துணி, காற்று ஊதும் ரப்பர் பந்து. கண்ணுக்குத் தெரியாத நூலிழை ஒன்று, அந்தப் பக்க ஒளியில் கயிறு மாதிரித் தெரியும்.

கடைசியாகக் கிருஷ்ணன்.

தஞ்சாவூர்ப் பக்கம் வரைந்த கண்ணாடி ஓவியம். பலகையில் தங்கத் தாளும் கல்லும் பதித்துச் செய்வதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இது அதன் உறவுக்காரர். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கமாகப் பார்ப்பது. வரைகிறவர் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும். வழக்கமான ஓவியத்தில் கடைசியாக வரும் கண்ணின் கருமணி, நகையின் கோடு, புருவம், இதெல்லாம் இதில் முதலில், பின்னணி கடைசியில். இடம் வலமாகும். ஒருமுறை வைத்த கோட்டின் மேல் திருத்த வழியே இல்லை. இந்தப் படத்தில் நகைகளும் மகுடமும் வரும் இடங்களில் வண்ணம் பூசாமல் விட்டு, பின்னால் கசக்கிய ஜிகினாத் தாளை வைத்திருந்தார்கள். சட்டத்துக்குள் 30க்கு 40 சென்டிமீட்டர். இடது மூலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வண்ணம் பொரிந்து எழும்பியிருந்தது.

சட்டத்தைப் பிரிக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம். பின்பக்கம் திரவம் எதுவும் படக் கூடாது. முன்பக்கத்தைக்கூட உலர்ந்த துணியால் மட்டுமே துடைத்தேன்.

வழக்கமாக ஓவியங்களை நகலெடுக்கிறவர்கள் விளக்கு மேலேயும் போலரைசர் தாள், லென்ஸிலும் போலரைசர், ஒன்றுக்கொன்று குறுக்காக வைப்பார்கள். மினுக்கம் அடியோடு போய்விடும். செய்து பார்த்தேன். கிருஷ்ணனின் நீலம் அவ்வளவு தெளிவாக வந்தது, ஆனால் ஜிகினா கரி பூசியது போல ஆகிவிட்டது. குறுக்குப் போலரைசருக்குக் கண்ணாடியின் கூச்சமும் உலோகத்தின் மினுக்கமும் ஒன்றுதான். நகை இருண்டுபோன கிருஷ்ணனை அக்காவிடம் காட்டவே மனம் வரவில்லை. காட்டினேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பவும் அதே கேள்விதான்: இந்தக் கண்ணாடி எதைப் பார்க்கிறது? தட்டைக் கண்ணாடிக்கு இதன் கணக்கு எளிது. நேர் எதிரே நிற்கும் கேமராவுக்கு, கண்ணாடியில் தெரியக்கூடிய பகுதி, கேமரா இருக்கும் தளத்தில் அளந்தால் கண்ணாடியைப் போல இரண்டு மடங்கு. அதாவது கேமராவைச் சுற்றி 60க்கு 80 சென்டிமீட்டர் பரப்பு. அந்தப் பரப்பு முழுக்கக் கறுப்புத் துணியாக இருந்துவிட்டால் முன்பரப்பில் எந்தப் பிம்பமும் வராது. அதற்கு வெளியே எதை வைத்தாலும் தட்டைக் கண்ணாடிக்குத் தெரியாது. ஆனால் கசங்கிய ஜிகினாவுக்குத் தெரியும். அதன் ஒவ்வொரு மடிப்பும் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதே.

ஆகவே நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி வெள்ளை அட்டைகளால் ஒரு சட்டம். வண்ணத்துக்கு இரு பக்கமும் தாழ்ந்த கோணத்தில் இரண்டு விளக்குகள். திரையில் படம் வந்தபோது நீலம் நீலமாக இருந்தது. மகுடத்தில், கை வளையில், இடுப்பு மேகலையில், வெண்ணெய்ப் பானையின் விளிம்பில் புள்ளி புள்ளியாக மின்னியது. பூஜையறையில் காமாட்சி விளக்குக்கு எதிரே இருந்தால் இது எப்படி இருந்திருக்கும் என்று அக்காவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. திரைக்கு அருகே போய், கையைத் தூக்கி, தொடாமல் நிறுத்திக்கொண்டார். கோயிலில் அலங்காரம் முடிந்ததும் சுவாமிக்கு எதிரே கண்ணாடியைக் காட்டுவார்களே, அந்த நேரத்தில் கூட்டம் நிற்பது போல நாங்கள் மூவரும் நின்றோம். உணவுப் படம் எடுக்கும் நண்பரும் தன் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

மணி நாலரை. நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா அவசரப்பட்டார். ஆனால் உடனே கிளம்ப முடியாது. உள்ளே குளிர்சாதனம் 22 டிகிரியில் நாள் முழுக்க ஓடியிருக்கிறது. வெளியே நம் ஊர்க் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலான நாட்களில் 24 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்திருக்கும் கண்ணாடியை அப்படியே வராந்தாவுக்குக் கொண்டுபோனால் ஒரு நிமிடத்தில் வியர்த்துவிடும். கிண்ணத்துக்கும் மயிலுக்கும் துடைத்துவிட்டால் போயிற்று. ஏற்கெனவே ஒரு மூலையில் வண்ணம் எழும்பி நிற்கும் ஓவியத்துக்கு, பின்பக்கம் ஈரம் இறங்கினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

உள்ளேயே படத்தைப் பருத்தித் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் இட்டுக் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, அதற்கு மேல் போர்வை சுற்றி, பெட்டியில் வைத்தேன். பெட்டியைச் சரக்கு மின்தூக்கிக்குப் பக்கத்தில், வெயில் படாத இடத்தில், ஒரு தள்ளுவண்டி மேல் வைத்துவிட்டு இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தோம். கீழே காப்பிக் கடையிலிருந்து நண்பர் இரண்டு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கி வந்து கொடுத்தார்.

“அப்பாயி இதை ரஜூலா கப்பல்ல கொண்டாந்தாங்க தம்பி,” என்றார் அக்கா. “நாகப்பட்டினத்துல ஏறினாங்களாம். ஆறு புடவைக்கு நடுவுல வச்சு, ராத்திரியில அது மேலேயே தலை வச்சுப் படுத்தாங்களாம். கப்பல் ஆட்டத்துல உடைஞ்சிருமோன்னு பயம். ஈரம் பட்ருமோன்னு அதைவிடப் பயம்.”

கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப திறந்து பாக்கலாமா?” என்று கேட்டார். பெட்டியின் ஓரத்தில் கையை நுழைத்துப் பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்றேன். அவர் நிச்சயதார்த்த வீட்டுக்கு போன் போட்டு, கொஞ்சம் தாமதமாகும், நீங்கள் தட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பச்சைப் புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.